பாடுறவர விடுங்க, பேஸ்காரர பிடிங்க

ஒருத்தர் என்கிட்ட கேட்ட கேள்வி இது: "சோல் பாட்டு ரொம்ப பிடிக்கும், ஓடிஸ் ரெடிங், அரீதா பிராங்க்ளின் எல்லாம் கேக்குறேன். ஜாஸ் கேக்கணும்னு ஆசை. எல்லாரும் மைல்ஸ் டேவிஸோட கைண்ட் ஆஃப் ப்ளூ ஆல்பத்துல ஆரம்பின்னாங்க, சமைக்கும்போது போன்ல மூணு தடவ போட்டேன், ஹோட்டல் லாபில ஓடுற மியூசிக் மாதிரிதான் இருக்கு. ப்ளூஸ் போட்டா எல்லாம் ஒரே பாட்டா தெரியுது. நான் எங்க தப்பு பண்றேன்?"

தப்பு பாதி உங்க மேல, பாதி உங்க போன் மேல. சமைக்கும்போது போன்ல போட்டேன்னு சொன்னீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. பேஸ்னா பாட்டுக்கு அடில கனமா கீழ் ஸ்தாயில வாசிக்கிற கம்பி வாத்தியம், அதோட அடிக்கம்பி நொடிக்கு 41 தடவ அதிரும், போன்ல இருக்கிற நகம் அளவு ஸ்பீக்கருக்கு அவ்ளோ கீழ இறங்க தெம்பு கிடையாது, அதனால உங்களுக்கு கேட்டது ட்ரம்பெட், சாக்ஸ்னு சொல்ற சாக்ஸபோன், கொஞ்சம் பியானோ, சிம்பல் சத்தம், அவ்ளோதான். சோத்த விட்டுட்டு ரசத்த மட்டும் குடிச்சிட்டு இந்த ஹோட்டல்ல சாப்பாடு சரியில்லன்னு சொன்ன கதை. லாபிலயும் இதே கதிதான், சீலிங்ல பதிச்ச ஸ்பீக்கர், சத்தம் யாரையும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு கீழ வெட்டி விட்டிருப்பாங்க.

நானும் இத ரெண்டு வருஷம் பண்ணவன்தான். லேப்டாப் ஸ்பீக்கர்லயே கேட்டு ஜாஸ் எனக்கு ஒத்து வராதுன்னு முடிவு கட்டி வச்சிருந்தேன், அப்புறம் ஒரு நாள் ரூம்மேட் ஊருக்கு போனப்போ விட்டுட்டு போன ஹெட்போன், பஞ்செல்லாம் பிஞ்சு போனது, அத மாட்டிக்கிட்டு அதே பாட்ட போட்டா, அடியில ஒரு ஆள் பாட்டு பூரா நடந்துக்கிட்டே இருக்கார்! இவர் இத்தன நாளா எங்க இருந்தாருன்னு இருந்துச்சு. அன்னிலேர்ந்து யார் கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான், பாடுறவரயும் சோலோ வாசிக்கிறவரயும் கொஞ்ச நாள் மறந்துடுங்க, பேஸ் வாசிக்கிறவரோட விரல பிடிச்சுக்கோங்க, அவர் உங்கள சோல்லேர்ந்து ப்ளூஸுக்கும் அங்கேர்ந்து ஜாஸுக்கும் கூட்டிட்டு போவார். வரலாற்று வரிசைப்படி 1920ல ஆரம்பிச்சு கேளுங்கன்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க. பிடிச்ச இடத்துலேர்ந்துதான் பின்னாடி போகணும்.

உங்களுக்கு சோல் பிடிக்கும், அப்ப அமெரிக்காவுல மெம்ஃபிஸ் ஊர்லேர்ந்து ஆரம்பிப்போம். ஸ்டாக்ஸ் ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர், மெக்லமோர் அவென்யூவுல இருந்த கேபிடல் தியேட்டர். பேங்க்ல வேல பாத்த, ஃபிடில் வாசிக்கிற ஜிம் ஸ்டூவர்ட்டும் அவரோட அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் நடத்தினது, ரெக்கார்டிங் மெஷின் வாங்க அந்தம்மா வீட்டயே அடமானம் வச்சாங்க. தியேட்டர் சீட்ட எல்லாம் பிடுங்கிட்டாங்க, ஆனா சரிவான தரைய சமம் பண்ணல, அப்படியே விட்டுட்டாங்க, மேடை மேல கண்ட்ரோல் ரூம், பாப்கார்ன் வித்த இடத்துல ரெக்கார்டு கடை. எஸ்டெல் அக்கா புதுசா பதிவு பண்ணத கடைல போட்டுவிட்டு வர்ற பசங்க தலைய ஆட்டுறாங்களான்னு பாப்பாங்களாம், இதவிட நல்ல மார்க்கெட் ரிசர்ச் எந்த கம்பெனியும் பண்ணதில்லன்னு நான் நினைக்கிறேன். ஸ்டாக்ஸ் பாட்டுல ஒரு காத்தோட்டம் தெரியும் பாருங்க, ட்ரம்பெட் மாதிரி பித்தளை வாத்தியங்களோட சத்தம் ஒரு பெரிய இடத்துல போயி மோதி திரும்பி வர்ற மாதிரி, அது அந்த தியேட்டரோட சத்தம்தான்.

அங்க வீட்டு ஆளுங்க மாதிரி இருந்த பேண்டுதான் புக்கர் டி அண்ட் தி எம்ஜீஸ். ரெண்டு பேர் கறுப்பர், ரெண்டு பேர் வெள்ளையர், அந்த காலத்து மெம்ஃபிஸ்ல இவங்க நாலு பேரும் ஒண்ணா ஒரு ஹோட்டல்ல உக்காந்து சாப்பிடறதே சிக்கல். டொனால்ட் டக் டன் பேஸ், அல் ஜாக்சன் டிரம்ஸ், ஸ்டீவ் கிராப்பர் கிட்டார். 1965ல வில்சன் பிக்கெட் இன் தி மிட்நைட் ஹவர் பாட வந்தப்போ, நியூயார்க்லேர்ந்து வந்த தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் கண்ட்ரோல் ரூம விட்டு இறங்கி வந்து, புதுசா வந்த ஒரு டான்ஸ ஆடிக் காட்டி, பசங்க இப்ப ரெண்டாவது தட்டுலதான் அழுத்துறாங்கன்னு சொன்னார். அதுலேர்ந்து ஜாக்சனும் கிராப்பரும் ரெண்டாவது நாலாவது தட்ட ஒரு மயிரிழை தள்ளி அடிக்க ஆரம்பிச்சாங்க. இத தனியா கவனிச்சு கேளுங்க, தட்டு வரும்னு நீங்க எதிர்பாத்து அரை நொடில பாதிகூட இல்லாத ஒரு இடைவெளிக்கு அப்புறம் வரும், அந்த தாமதத்துலதான் உங்க தோள் ஆடுது. ஓடிஸ் ரெடிங் இங்க பாடின ஓடிஸ் ப்ளூ ஆல்பம் கிட்டத்தட்ட முழுசும் 1965 ஜூலைல ஒரே நாள்ல பதிவானது, நடுவுல பேண்டுக்காரங்க வேற இடத்துல கச்சேரி இருக்குன்னு போயிட்டு நடுராத்திரிக்கு மேல திரும்பி வந்து மிச்சத்த முடிச்சாங்க. களைப்பு எங்கயாவது தெரியுதான்னு நானும் தேடிப் பாத்துட்டேன், கிடைக்கல.

இப்ப டெட்ராய்ட். அந்த ஊர் ரெக்கார்டு கம்பெனி மோடவுன்னா ரொம்ப சீவி சிங்காரிச்ச இசைன்னு ஸ்டாக்ஸ் ரசிகர்கள் மூக்க சுளிப்பாங்க, நானும் சுளிச்சிருக்கேன், பேஸ மட்டும் கேக்க ஆரம்பிச்சதும் வாய மூடிக்கிட்டேன். ஜேம்ஸ் ஜேமர்சன். வெஸ்ட் கிராண்ட் பொலிவார்ட்ல ஒரு சாதாரண வீடு, அதுல ஸ்டூடியோவா மாத்தின ஒரு குழி மாதிரி அறை, அதுக்கு பேரே பாம்புக்குழி, அங்க உக்காந்து வலது கைல ஒரே ஒரு விரல வச்சு, கம்பிய மாத்தவே மாட்டேன்னு அடம் பிடிச்சு, பத்து வருஷத்துக்கும் மேல எல்லாருக்கும் வாசிச்சார். ஃபோர் டாப்ஸோட பெர்னடெட் போடுங்க, 1967, பாடுறவர் கத்திக்கிட்டு இருக்கட்டும், நீங்க கீழ என்ன நடக்குதுன்னு மட்டும் பாருங்க, அது தாளம் போடுற வேலை இல்ல, பாட்டுக்கு கீழ இன்னொரு பாட்டு. இவர் எங்க கத்துக்கிட்டார்னா ஜாஸ்ல, பெரிய நிக்க வச்சு வாசிக்கிற பேஸ்ல. அந்த பேண்டு மொத்தமும் பகல்ல மோடவுனுக்கு வாசிச்சிட்டு ராத்திரி டெட்ராய்ட் கிளப்கள்ல ஜாஸ் வாசிச்சவங்கதான். அதாவது உங்களுக்கு பிடிச்ச சோல் பாட்டுல பாதிக்கு கீழ ஏற்கனவே ஜாஸ்காரங்க உக்காந்திருக்காங்க, நீங்க இன்னும் அறிமுகம் ஆகல, அவ்ளோதான். இத்தனைக்கும் 1971ல மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் வர்ற வரைக்கும் ஆல்பம் அட்டையில இவங்க பேர் வராது.

அரீதா பத்தி ஒரு சின்ன சண்டை இருக்கு, போட்டுட்டு போறேன். ரெஸ்பெக்ட் ஓடிஸோட பாட்டு, 1965ல அவர் பாடினது, நல்ல பாட்டுதான், ஆனா வேலைக்கு போயிட்டு வீட்டுக்கு வர்ற ஒரு புருஷன் மரியாதை கேக்குற பாட்டு. அரீதா 1967 பிப்ரவரி 14ல நியூயார்க்ல அத கையில எடுத்து, எழுத்துக்கூட்டி சொல்றத சேத்து, தங்கச்சி கேரலினையும் அக்கா எர்மாவையும் பின்பாட்டு பாட வச்சு, கிங் கர்ட்டிஸ் சாக்ஸ் சோலோவுக்கு வேற ஒரு சாம் அண்ட் டேவ் பாட்டோட கார்டுகள, அதாவது சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டங்கள, கொண்டு வந்து வச்சு, பாட்ட வீட்டுக்குள்ள இருக்கிற பொம்பளையோட பாட்டா மாத்திட்டாங்க. ஓடிஸோடதுதான் ஒரிஜினல், அதனால அதுதான் ஒசத்தின்னு ஒரு கோஷ்டி இருக்கு. பாட்டு யார் வாசல்ல பிறந்துச்சுங்கிறது ஒண்ணு, யார் வீட்ல வளந்துச்சுங்கிறது வேற.

அதுக்கு மூணு வாரம் முன்னாடி, ஜனவரி 24, அலபாமால மஸில் ஷோல்ஸ் ஃபேம் ஸ்டூடியோல அரீதாவோட ஐ நெவர் லவ்ட் எ மேன் பதிவானது. மொதல்ல யாருக்கும் ஒண்ணும் ஓடல, ஸ்பூனர் ஓல்டம் எலெக்ட்ரிக் பியானோல ஒரு சின்ன சுத்து கண்டுபிடிச்சார், அத பிடிச்சுக்கிட்டு எல்லாரும் ஏறிட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே குடி, வாய்ச்சண்டைன்னு ஆகி அரீதா கிளம்பிட்டாங்க, ஒரே ஒரு பாட்டுதான் முழுசா கைல. அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கொலம்பியா கம்பெனில பெரும்பாலும் அவங்கள நிக்க வச்சு பாட வச்சாங்க, இங்க பியானோவுல உக்கார வச்சாங்க, வித்தியாசம் அதுதான்.

லைவ் ரெக்கார்டிங்ல ரெண்டே ரெண்டு சொல்றேன். சாம் குக் 1963 ஜனவரில மயாமி ஹார்லம் ஸ்கொயர் கிளப்ல பாடினது, ரொம்ப முரட்டுத்தனமா இருக்கு, அவரோட பேர் கெட்டுடும்னு கம்பெனி பெட்டில போட்டு பூட்டிட்டாங்க, 1985ல தான் வெளிய வந்துச்சு, அவர் செத்து 20 வருஷம் கழிச்சு. ரேடியோல கேட்ட பட்டு மாதிரி குரல் இதுல தொண்டைய கிழிச்சுக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு டோனி ஹாத்தவே லைவ், 1972ல வந்தது, கடைசி பாட்டுல வில்லி வீக்ஸ் எடுக்கிற பேஸ் சோலோ, கூட்டம் ஒவ்வொரு திருப்பத்துக்கும் சத்தம் போட்டு பதில் சொல்லும், நம்ம ஊர் தனி ஆவர்த்தனத்துல முன்வரிசை மாமா தொடை தட்டிக்கிட்டே ஆஹாங்கிறார்ல, அதே ஆளுங்க அங்கயும் இருந்திருக்காங்க.

சரி, ப்ளூஸ். எல்லாம் ஒரே பாட்டா தெரியுதுன்னீங்க. உண்மைதான், ஒரே வீடுதான், குடியிருக்கிறவங்கதான் வேற. பெரும்பாலும் 12 பார், பார்னா தாளத்தோட ஒரு கட்டம், வழக்கமா நாலு தட்டு, ஒரு வரிய பாடுவாங்க, அதயே திரும்பவும் பாடுவாங்க, மூணாவது வரில அதுக்கு பதில் வரும். ஒவ்வொரு வரிக்கும் நாலு பார் இடம், அதுல குரல் பாதிதான் எடுத்துக்கும், மிச்சத்துல கிட்டாரோ ஹார்மோனிகாவோ பதில் பேசும். நம்ம ஒப்பாரியும் ஊர் பூரா ஏறக்குறைய ஒரே மெட்டுதான், அதுக்காக எல்லா சாவும் ஒண்ணுன்னு யாரும் சொல்றதில்ல. இன்னொரு விஷயம், க்ரீன் ஆனியன்ஸ் கேட்டிருப்பீங்க, 1962ல எம்ஜீஸோட மொத ஹிட், அது அப்பட்டமான 12 பார் ப்ளூஸ். அதுல பேஸ் டக் டன் இல்ல, லூயி ஸ்டைன்பர்க், டன் வந்தது அப்புறம். ஆக ப்ளூஸ் உங்களுக்கு ஏற்கனவே பிடிச்சுதான் இருக்கு, பேர்தான் தெரியல.

அங்கேர்ந்து சிகாகோவுக்கு போங்க, செஸ் ரெக்கார்டு கம்பெனி, மடி வாட்டர்ஸ். இவர் மிசிசிப்பில ஸ்டோவல் பண்ணைல கூலி வேலை பாத்தவர், 1941ல ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக மெஷின தூக்கிட்டு வந்து அவர பதிவு பண்ணார், ரெண்டு வருஷத்துல மடி சிகாகோ போயிட்டார். கிளப்ல கூட்டம் கத்துற சத்தத்துல சாதா கிட்டார் எடுபடாது, எலெக்ட்ரிக்குக்கு மாறினார், லிட்டில் வால்டர் ஒரு மைக்க ஹார்மோனிகாவோட சேத்து கைக்குள்ள பொத்தி வச்சு ஊதினார், அது சாக்ஸபோன் மாதிரி உறும ஆரம்பிச்சது. அங்க பேஸ் யாருன்னா வில்லி டிக்சன், ஆள் மலை மாதிரி, ஹூச்சி கூச்சி மேன் எழுதினதும் அவர்தான், 1954. அந்த பாட்டுல எல்லாரும் சேந்து ஒரு அடி அடிச்சிட்டு நிறுத்துவாங்க, அந்த நிறுத்தத்துல மடி ஒரு வரி சொல்வார், திரும்ப அடி. நிறுத்துற இடம்தான் பாட்டே. 1964ல வந்த ஃபோக் சிங்கர் ஆல்பத்தயும் கேளுங்க, சாதா கிட்டார், கூட கிட்டார்ல பட்டி கைங்கிற இளசு, டிக்சன் பேஸ், ஹெட்போன்ல கேட்டா மடி உங்க முன்னாடி நாற்காலி போட்டு உக்காந்து மூச்சு விடுறார். ப்ளூஸ்ல மொத ஆல்பம் எதுன்னு கேட்டா நான் இதத்தான் குடுப்பேன், ராபர்ட் ஜான்சன இல்ல.

ராபர்ட் ஜான்சன வச்சு பேய்க்கு ஆத்மாவ வித்தார், நாலு ரோடு சந்திப்பு, நடுராத்திரின்னு ஒரு கதை சுத்தும், தயவு செஞ்சு அத தூக்கி பரண்ல போட்டுடுங்க. மனுஷன் உக்காந்து பழகினத பேய் கணக்குல எழுதுறது எனக்கு எரிச்சலா இருக்கும். 1936 நவம்பர்ல சான் ஆன்டோனியோல ஒரு ஹோட்டல் ரூம்லயும், 1937 ஜூன்ல டல்லஸ்லயும் மொத்தம் 29 பாட்டு பதிவு பண்ணார், அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல செத்துட்டார், 27 வயசு. ஹோட்டல் ரூம்ல சுவத்து மூலைய பாத்து உக்காந்து பாடினார்னு சொல்வாங்க, வெக்கம்னு சிலர், இல்ல மூலைல சத்தம் திரும்பி வந்து கனமா விழும், அது தெரிஞ்சுதான் உக்காந்தார்னு சிலர். எனக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. இங்க பேஸ்காரர் கிடையாது, ஆனா அவரோட கட்டைவிரல கேளுங்க, கீழ்க்கம்பில பியானோக்காரர் இடது கை மாதிரி நடந்துக்கிட்டே இருக்கும், மேல மத்த விரல் வேற வேலை பாக்கும், நடுவுல வாய் பாடும். மூணு பேர் சம்பளத்த ஒருத்தர் வாங்கிட்டு போயிருக்கணும்.

பழைய ரெக்கார்டுல கரகரப்பு ஒரு தடையா இருக்கும், பழகிடும், பஸ்ல இஞ்சின் சத்தத்துக்கு நடுவுல பக்கத்து சீட்டுக்காரர் பேசறத கேக்குறோம்ல. ஆனா சிலதுக்கு காரணம் தெரிஞ்சா பொறுமை வரும். பாரமவுன்ட்னு ஒரு கம்பெனி, விஸ்கான்சின்ல, நடத்தினது ஒரு நாற்காலி தயாரிக்கிற கம்பெனி. கிராமபோன் பெட்டி செஞ்சு வித்தாங்க, பெட்டி விக்கணும்னா ரெக்கார்டு வேணுமே, அதுக்காக பாட்டு பதிவு பண்ணாங்க, மட்டமான சரக்குல தட்டு போட்டாங்க. சார்லி பேட்டன், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லாம் அப்படி நாற்காலிக்காரங்க புண்ணியத்துலதான் நமக்கு கிடைச்சாங்க. ஸ்கிப் ஜேம்ஸ் 1931 பிப்ரவரில பதிவு பண்ண டெவில் காட் மை வுமன் தேஞ்ச தட்டுலேர்ந்துதான் நமக்கு வருது, அந்த உச்சக்குரல் அந்த இரைச்சல கிழிச்சுக்கிட்டு வரும், ராத்திரி தனியா கேக்காதீங்கன்னு சொல்வேன், ஆனா அப்பதான் கேக்கணும்.

பெஸ்ஸி ஸ்மித்தோட செயின்ட் லூயிஸ் ப்ளூஸ், 1925 ஜனவரி 14, அதையும் விடாதீங்க. அப்ப மைக்கே கிடையாது, ஒரு பெரிய புனல் முன்னாடி நின்னு பாடணும், புனலுக்கு பேஸ் பிடிக்காது, டிரம்ஸ் பிடிக்காது. அதனால அந்த பாட்டுல இருக்கிறது மூணே பேர், பெஸ்ஸி, ட்ரம்பெட் மாதிரி இருக்கிற கார்னெட்ல 23 வயசு லூயி ஆம்ஸ்ட்ராங், அப்புறம் அடில இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஃப்ரெட் லாங்ஷா வாசிக்கிற, வேற என்ன, ஆர்மோனியம். நம்ம நாடகக் கொட்டகை ஆர்மோனியத்தோட பங்காளி அது. எனக்கு இத கேக்குறப்பல்லாம் ஸ்பெஷல் நாடகம்தான் ஞாபகத்துக்கு வரும், பெட்டிக்காரர் சுருதிய பிடிக்க, நடிகை பாட, பக்கத்துல ஒருத்தர் ஒவ்வொரு வரிக்கும் பதில் குடுக்க. ஆம்ஸ்ட்ராங் குடுக்கிற பதில்கள மட்டும் ஒரு தடவ தனியா கேளுங்க, ஜாஸ்னா என்னன்னு பாதி விளங்கிடும்.

இப்ப கைண்ட் ஆஃப் ப்ளூவுக்கு திரும்பி வாங்க, இந்த தடவ ஹெட்போன்ல, அடுப்ப அணைச்சிட்டு. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22, ரெண்டே நாள் பதிவு, நியூயார்க்ல முன்ன சர்ச்சா இருந்த கொலம்பியா ஸ்டூடியோ. மொத பாட்டு ஸோ வாட், ஆரம்பத்துல பியானோவும் பேஸும் இருட்டுல சுவத்த தடவிக்கிட்டு வர்ற மாதிரி வரும், அப்புறம் மெட்ட எடுக்கிறது யாருன்னு பாருங்க, ட்ரம்பெட் இல்ல, சாக்ஸ் இல்ல, பேஸ். பால் சேம்பர்ஸ். அவர் கேள்வி கேப்பார், மத்தவங்க எல்லாம் சேந்து ரெண்டே ரெண்டு சத்தத்துல பதில் சொல்வாங்க. போன்ல கேட்ட உங்களுக்கு அந்த ரெண்டு சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும், கேள்வி கேட்டிருக்காது, அப்புறம் லாபி மாதிரி இல்லாம எப்படி இருக்கும். அமைப்பு ரொம்ப சுலபம், 16 பார் ஒரே ஸ்வர வரிசைல, 8 பார் அதே வரிசை அரை ஸ்வரம் மேல, திரும்ப 8 பார் பழைய இடம். கார்டு ஓட்டம் இல்லாததால ஒரு ராகத்துல நின்னு நிதானமா தேடுற மாதிரி மைல்ஸ் தேடுவார். அவர் ஆரம்பிக்கிற எடத்துல ஜிம்மி காப் சிம்பல்ல ஒரு தட்டு தட்டுவார், அது அந்த சர்ச் உயரத்துக்கு போயி கரைஞ்சு இறங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாருங்க, நான் இந்த ஆல்பத்துல விழுந்தது அந்த சிம்பல்லதான்.

ப்ளூஸ் போர்னு சொன்னவருக்கு ஒரு செய்தி, இதே ஆல்பத்துல ஃப்ரெடி ஃப்ரீலோடர், ஆல் ப்ளூஸ் ரெண்டும் 12 பார் ப்ளூஸ்தான். ஃப்ரீலோடருக்கு மட்டும் பில் எவான்ஸ எழுப்பிட்டு விண்டன் கெல்லிய பியானோல உக்கார வச்சார் மைல்ஸ், ஏன்னா கெல்லி கைல ப்ளூஸ் சேறு ஒட்டியிருக்கும். ஒரு குட்டித் தகவல், மொத நாள் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால மொத பக்கத்து மூணு பாட்டும் ரெக்கார்டுல லேசா சுருதி ஏறியே வந்துச்சு, 1992ல தான் சரி பண்ணாங்க. முப்பது வருஷத்துக்கு மேல அதோட சேந்து வாசிச்சு பழகினவங்க எல்லாம் நம்ம கருவிதான் சுருதி இறங்கியிருக்குன்னு நினைச்சிருப்பாங்க, பாவம்.

இனி சேம்பர்ஸ் பின்னாடியே போங்க. கைண்ட் ஆஃப் ப்ளூ ரெண்டாவது நாள், ஏப்ரல் 22, அவரோட பிறந்த நாள், 24 முடிஞ்சது. 1957ல சாக்ஸ்காரர் ஜான் கோல்ட்ரேனோட ப்ளூ ட்ரெய்ன் ஆல்பத்துல இருக்கார், அது நியூஜெர்சி ஹாக்கன்சாக்ல ரூடி வான் கெல்டரோட அப்பா அம்மா வீட்டு ஹால்ல பதிவானது, வான் கெல்டருக்கு பகல் வேலை கண் பரிசோதனை, சாயங்காலம் ஹால்ல மைக் மாட்டுவார். அவர் பியானோவ ஒரு டப்பாவுக்குள்ள அடைச்ச மாதிரி பதிவு பண்ணுவார், அது எனக்கு கடைசி வரைக்கும் ஒத்துக்கல, ஆனா ட்ரம்பெட்டும் டிரம்ஸும் உங்க மடில வந்து உக்காரும். ப்ளூ ட்ரெய்ன்ல ட்ரம்பெட் லீ மார்கன், 19 வயசு, அந்த வயசுல நான் அரியர் எழுதிக்கிட்டு இருந்தேன். 1958ல சன்னி கிளார்க்கோட கூல் ஸ்ட்ரட்டின், 1961ல ஆலிவர் நெல்சனோட தி ப்ளூஸ் அண்ட் தி அப்ஸ்ட்ராக்ட் ட்ரூத், எல்லாத்துலயும் அவர்தான் பேஸ். கோல்ட்ரேன் ஜயன்ட் ஸ்டெப்ஸ் ஆல்பத்துல மிஸ்டர் பி.சி.ன்னு ஒரு பாட்டு இவர் பேர்லயே வச்சார், அதுவும் ப்ளூஸ்தான். 1969 ஜனவரில காசநோய்ல போயிட்டார், 33 வயசு. அவருக்கு முன்னாடி ஜாஸ் பேஸையே மாத்தின ஜிம்மி பிளான்டன், டியூக் எலிங்டன் பேண்டுல ரெண்டு வருஷந்தான் வாசிச்சார், அவரும் 1942ல அதே காசநோய்ல போனவர்தான், 23 வயசு. 1940ல வந்த ஜாக் தி பேர் கேளுங்க, பேஸ் பேச ஆரம்பிச்ச பாட்டுன்னு வச்சுக்கலாம்.

எலிங்டன் பேர் வந்ததால 1956 நியூபோர்ட் ஜாஸ் விழாவ சொல்லாம போனா எனக்கு தூக்கம் வராது. எலிங்டனோட ஒரு பாட்டுல ரெண்டு துண்டுக்கு நடுவுல பால் கான்சால்வஸ் டெனர் சாக்ஸ்ல சோலோ எடுக்கணும், எடுத்தார், விடவே இல்ல, 27 சுத்து, ஒவ்வொரு சுத்தும் 12 பார் ப்ளூஸ், கூட்டம் நாற்காலி மேல ஏறிடுச்சு. எலிங்டனுக்கு காலம் முடிஞ்சுதுன்னு பேசிக்கிட்டு இருந்தவங்க வாய அந்த ஒரு ராத்திரி அடைச்சது. சிக்கல் என்னன்னா மனுஷன் தப்பான மைக் முன்னாடி நின்னு ஊதிட்டார், அது வேற ஒரு ரேடியோவோட மைக், அதனால ஆல்பத்துல அவர் பக்கத்து தெருவுலேர்ந்து வாசிக்கிற மாதிரி கேக்கும், மத்ததுல நிறைய ஸ்டூடியோல திரும்ப வாசிச்சு கைதட்டு ஒட்டினது. ரேடியோ டேப் கிடைச்சு ரெண்டயும் சேத்து 1999ல வெளியிட்டாங்க, அந்த பதிப்பத்தான் தேடி எடுக்கணும். ஆனா அங்கயும் நான் கேக்கச் சொல்றது கான்சால்வஸ இல்ல, கீழ ஜிம்மி வூட் பேஸும் சாம் வூட்யார்ட் டிரம்ஸும், 27 சுத்தும் ஒரு இஞ்ச் அசையாம நிக்கிறாங்க. மேல ஆடுறவர் விழாம இருந்தது இவங்க கயித்த பிடிச்சதால.

சோல் பிடிச்சவங்களுக்கு நேரா பிடிக்கிற ஜாஸ்னா சார்ல்ஸ் மிங்கஸ், அங்க பேஸ்காரரே பேண்டுக்கு முதலாளி. ப்ளூஸ் அண்ட் ரூட்ஸ் ஆல்பத்துல வெட்னஸ்டே நைட் ப்ரேயர் மீட்டிங் போடுங்க, 1959ல பதிவானது, சர்ச் கூட்டத்துல ஆளாளுக்கு எந்திரிச்சு கத்துற மாதிரியே இருக்கும், ரே சார்ல்ஸ் எந்த சர்ச்லேர்ந்து வந்தாரோ அதே சர்ச். இதுக்கு விளக்கம் எழுதினா கெட்டுடும், கேட்டுடுங்க.

பில்லி ஹாலிடே பத்தி ரெண்டு வரி. லேடி இன் சாட்டின், 1958, குரல் உடைஞ்சு போன காலத்துல வயலின் கூட்டத்த பின்னாடி நிறுத்தி பாடினது, அதுதான் உச்சம்னு பல பேர் உருகுவாங்க. எனக்கு அந்த வயலின் எல்லாம் ஒரு ஜோடனை, அந்தம்மாவோட வேதனைய பாத்து நாம ரசிக்கிறமோன்னு ஒரு கூச்சம் வரும். அதுக்கு பதிலா 1957 டிசம்பர்ல டிவில ஃபைன் அண்ட் மெல்லோ பாடினது, வீடியோவே இருக்கு, அதுவும் ப்ளூஸ், லெஸ்டர் யங் எந்திரிச்சு சாக்ஸ்ல ஒரே ஒரு சுத்து வாசிப்பார், ரொம்ப கொஞ்சம் ஸ்வரம், பில்லி அவர பாத்து தலைய அசைச்சுக்கிட்டே நிப்பாங்க. லெஸ்டர் 1959 மார்ச்ல போனார், அந்தம்மா ஜூலைல.

கடைசியா ரெண்டு, ரெண்டும் பேஸ்ல தொடங்குறது. கோல்ட்ரேனோட எ லவ் சுப்ரீம், 1964 டிசம்பர் 9, ஜிம்மி காரிசன் பேஸ்ல நாலு ஸ்வரம் எடுத்து வைப்பார், அந்த நாலு ஸ்வரத்த கோல்ட்ரேன் சாக்ஸ்ல எல்லா இடத்துக்கும் தூக்கிட்டு போயி, கடைசில வாத்தியத்த வச்சிட்டு வாயாலயே மந்திரம் மாதிரி ஓதுவார். பயந்துக்காதீங்க, பேஸ விடாம பிடிச்சிருந்தீங்கன்னா எங்கயும் தொலைய மாட்டீங்க. இன்னொண்ணு அவரோட மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் 1971ல வெளியிட்ட ஜர்னி இன் சச்சிதானந்தா, பெரும்பாலும் லாங் ஐலண்ட்ல அவங்க வீட்டு ஸ்டூடியோல பதிவானது. பேர்ல இருக்கிற சச்சிதானந்தா கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்துல பிறந்த சுவாமி சச்சிதானந்தர், அமெரிக்காவுல வுட்ஸ்டாக் இசை விழாவ தொடங்கி வச்சாரே அவரேதான், கணவர் செத்த துக்கத்துல ஆலிஸ் அவர்கிட்டதான் போனாங்க. பாட்டு ஆரம்பிக்கும்போது தம்புரா, அதுக்கு மேல சிசில் மெக்பீ பேஸ்ல ஒரே சுத்து திரும்பத் திரும்ப, அதுக்கு மேல ஹார்ப், அப்புறம் ஃபாரோ சாண்டர்ஸோட சாக்ஸ். தம்புரா கேட்டு வளந்த காதுக்கு இத விளக்க வேண்டியதே இல்ல, என் அம்மாவுக்கு ஜாஸ்னா என்னன்னே தெரியாது, இத போட்டப்போ மட்டும் வால்யூம குறைன்னு சொல்லல.

விலை ஒசந்த ஹெட்போனும் வேணாம் வினைல் தட்டும் வேணாம், காத மூடுற மாதிரி எதாவது ஒரு சாதா ஹெட்போன் போதும். வரிசை கேட்டீங்கன்னா, பெர்னடெட், க்ரீன் ஆனியன்ஸ், ஹூச்சி கூச்சி மேன், ஃப்ரெடி ஃப்ரீலோடர், மிஸ்டர் பி.சி., இந்த அஞ்சையும் ஒரே உக்காருதல்ல கேளுங்க, அரை மணி நேரம்கூட ஆகாது, அடில நடக்கிற ஆள மட்டும் பாருங்க. ஸோ வாட்ட அடுத்த நாளைக்கு வச்சுக்கோங்க.